சி டிரைவை நீட்டுவதற்கு முன் ஒரு நகல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த வாரம் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், கணினியின் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியான சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு விழுந்துவிட்டால் பக்கத்து டிரைவிலிருந்து இடம் எடுத்து அதை எப்படிப் பெரிதாக்கலாம் என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. எந்தச் சாளரத்தைத் திறப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதெல்லாம் படங்களோடு தெளிவாக இருந்தன. ஆனால், அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கணினியில் உள்ள கோப்புகளை வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒரு வரி அதில் இல்லை. அந்த வரியை 2022ஆம் ஆண்டு எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் என் வீட்டில் நேர்ந்ததைத் தங்கள் வாசகர்கள் அறிந்துகொண்டால், ஒரு குடும்பத்தின் புகைப்படங்களாவது தப்பும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருபவள். கணினி எனக்குப் புதிதல்ல. வீட்டில் உள்ள கணினியை 2017இல் ஒரு கடையில் பாகங்களைச் சேர்த்துச் செய்து வாங்கினோம். 1 டி.பி. ஹார்டு டிஸ்க் என்று பில்லில் எழுதியிருந்தார்கள்; விண்டோஸ் அதை 931 ஜி.பி. என்று காட்டியது. கடைக்காரர் ஆயிரத்தின் கணக்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் கணக்கில் எண்ணுகிறது என்பதைத் தவிர அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்த இடத்தை அவர்கள் சி-க்கு 100 ஜி.பி., மீதியை டி, இ என்று இரு சமபாகம் எனப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் கேட்டுப் பிரிக்கவில்லை. நாங்களும் கேட்கத் தோன்றாமல் வாங்கி வந்தோம்.

இப்படிப் பிரிப்பதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 98, எக்ஸ்பி நாட்களில் வைரஸ் புகுந்தால் சி டிரைவை ஃபார்மட் செய்து, அதாவது முழுக்க அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போடுவது வழக்கம். சொந்தக் கோப்புகள் டி டிரைவில் இருந்தால் அவை தப்பும். அந்தப் பழக்கத்தையே இன்றும் பல கடைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சமே 64 ஜி.பி. இடம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதற்கு மேல் புதுப்பிப்புகள், அலுவலக மென்பொருள்கள், பதிவிறக்கங்கள், கைப்பேசியிலிருந்து வந்து சேரும் வாட்ஸ்ஆப் படங்கள் என எல்லாம் நாம் வேறு இடம் காட்டாதவரை சி டிரைவிலேயே வந்து விழுகின்றன. 100 ஜி.பி. நான்கைந்து ஆண்டுகளில் நிறைவது அதிசயமல்ல. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நிறைந்தது.

பழுது பார்க்க வந்தவர் என்னிடம் தட்டச்சு படித்த பிள்ளை. தன் கடையைத் திறப்பதற்கு முன் முடித்துவிடலாம் என்று காலை 8 மணிக்கே வந்தார். "டீச்சர், டி-லேருந்து கொஞ்சம் எடுத்து சி-யைப் பெரிசு பண்ணிடலாம், எதுவும் போகாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுவரை அவர் செய்து கொடுத்த கணினிகளில் எதுவும் போனதில்லை. ஒரு மென்பொருளை நிறுவி, திரையில் தெரிந்த நீலப் பட்டையின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து நகர்த்தினார். கணினி அணைந்து மீண்டும் எழுந்து, கறுப்புத் திரையில் விழுக்காட்டுக் கணக்கைக் காட்டத் தொடங்கியது. டி டிரைவில் ஏறத்தாழ 280 ஜி.பி. கோப்புகள் இருந்ததால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று போட்டிருந்தது. 9 மணிக்கு 37 விழுக்காட்டில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். நான்கு நிமிடம் கூவிவிட்டு அணைந்தது. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் காலை 9 மணி முதல் மின்தடை என்ற அறிவிப்பு அன்றைய செய்தித்தாளில் வந்திருந்ததை மாலையில்தான் பார்த்தேன்.

மின்சாரம் வந்த பிறகு விண்டோஸ் எப்போதும் போல எழுந்தது. இ டிரைவ் திறந்தது. டி டிரைவைச் சொடுக்கியபோது, இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று ஒரு சிறு பெட்டி வந்து நின்றது.

அந்தக் காலை வரை நான் அறிந்திராத ஒன்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கள் குறிப்பைப் படித்தவர்களும் அதை அறிந்திருக்க மாட்டார்கள். டெல்டாக்காரர்களுக்கு வயலை வைத்துச் சொன்னால் உடனே புரியும். ஹார்டு டிஸ்க் என்பது ஒரே நீளமான நிலம்; சி, டி, இ என்பவை வரப்புப் போட்டு அடுத்தடுத்துப் பிரித்த மூன்று வயல்கள். எந்த வரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நிலத்தின் தலைமாட்டில் ஒரு சிறு அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வயலுக்குள்ளும் எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குத் தனி அடங்கல் ஒன்று உண்டு. சி வயல் வலப்பக்கம் நீள வேண்டுமானால், அதை ஒட்டினாற்போல் தரிசு நிலம் இருக்க வேண்டும். டி-யின் மறுகோடியில் எத்தனை மா தரிசு கிடந்தாலும் சி-க்குப் பயனில்லை, நடுவில் டி கிடக்கிறது. விண்டோஸில் உள்ளேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி, 2007இல் விஸ்டா வந்தது முதல் பகுதிகளைச் சுருக்கவும் நீட்டவும் செய்கிறது. ஆனால் ஒட்டிய தரிசு இல்லையென்றால் நீட்டும் கட்டளையை அழுத்த முடியாதபடி மங்கலாக்கி வைத்துவிடும். பலர் அதைக் கருவியின் குறை என்று நினைத்து வெளி மென்பொருளைத் தேடிப் போகிறார்கள்.

வெளி மென்பொருள் அந்த இடத்தில் என்ன செய்கிறது? டி-யைச் சுருக்கி, பின் டி-யின் தொடக்கத்தையே வலப்பக்கம் தள்ளுகிறது. அதாவது டி வயலில் நின்ற பயிரை முழுக்கப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி நடுகிறது. பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் கடைசி வரிசையிலிருந்து தொடங்கி முன்னோக்கி நட்டுக்கொண்டு வர வேண்டும். இந்த வேலை பாதியில் நின்றால் ஒரு பாதிப் பயிர் புதிய இடத்திலும் மறு பாதி பழைய இடத்திலும் கிடக்கும், அடங்கல் இரண்டுக்கும் பொருந்தாது. எங்கள் டி டிரைவுக்கு நேர்ந்தது இதுதான். திரையில் நீலப் பட்டையின் ஓரத்தை இழுப்பது ஒரு நொடி வேலையாகத் தெரிகிறது. அடியில் நடப்பது 280 ஜி.பி. கோப்புகளின் இடப்பெயர்ச்சி.

அந்த டி டிரைவில் என் தாயார் பாடிய நடவுப் பாட்டுகள் 64 இருந்தன. 2014 முதல் 2016 வரை, அவர் திண்ணையில் உட்கார்ந்து நினைவு வரும்போதெல்லாம் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் முதல் அடியையே பெயராக வைத்துச் சேர்த்திருந்தேன். 2018இல் அவர் காலமானார். வேறு நகல் இல்லை. ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போது நகல் எதற்கு என்று நினைத்திருந்தேன். தட்டச்சு மாணவர்களுக்குக் கார்பன் தாள் வைக்காமல் எதையும் அடிக்காதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அந்தப் பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தார். ஃபார்மட் செய்யவா என்ற பெட்டியில் வேண்டாம் என்பதை அழுத்தி, கணினியை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டார். அதன்மேல் மேற்கொண்டு ஒன்றும் எழுதப்படாததால்தான் பாதியாவது மீண்டது. தரவு மீட்கும் கடையொன்றில் 14,000 ரூபாய் கொடுத்தோம். அடங்கல் கெட்டுப்போன நிலையில், நிலத்தைப் பிடிபிடியாகத் துழாவி, இது படம் போலிருக்கிறது, இது ஒலி போலிருக்கிறது என்று கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு பொறுக்கி எடுப்பார்கள். பெயர்கள் வராது, அவை அடங்கலில் இருப்பவை. எங்களுக்கு ஆயிரக்கணக்கான கோப்புகள் வெறும் எண்களாகத் திரும்பி வந்தன. அவற்றைக் கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து கேட்டு, 41 பாட்டுகளை முழுமையாகக் கண்டெடுத்தேன். சில நடுவில் அறுந்து வேறொரு திருமண நாதஸ்வரத்தில் போய் முடிகின்றன. மற்றவை இல்லை. பழைய சுழலும் தட்டு என்பதால் இவ்வளவாவது கிடைத்தது. இப்போது பெரும்பாலான கணினிகளில் உள்ள, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தில், அழித்த இடத்தை உடனுக்குடன் துடைக்கச் சொல்லி விண்டோஸே கட்டளையிடுவதால், தவறி ஃபார்மட் செய்துவிட்டால் மீட்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. பெரிய நிறுவனங்களே இதை இலேசாக எண்ணும்போது அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்குக் கேபி5034441 என்ற எண்ணோடு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. விண்டோஸ் எழாதபோது பழுது நீக்குவதற்காக டிஸ்க்கில் மீட்புப் பகுதி என்று சிறிதாக ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் போதாத கணினிகளில் அது நிறுவப்படாமல் பிழை காட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வழி, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, சி டிரைவை 250 எம்.பி. சுருக்கி, பழைய மீட்புப் பகுதியை அழித்து, பெரிதாகப் புதிய ஒன்றைப் பயனரே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது. டிஸ்க் எண்ணையோ பகுதி எண்ணையோ ஓர் இலக்கம் மாற்றித் தட்டினால் வேறு பகுதி அழிந்துவிடும் வேலை அது. வீட்டுக் கணினி வைத்திருக்கும் குடும்பத்தலைவியும் ஓய்வூதியரும் அதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தது எனக்கு இன்றும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இதே மீட்புப் பகுதி வேறொரு வகையிலும் குறுக்கே நிற்கிறது. விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் அது சி டிரைவுக்கு வலப்பக்கத்தில் ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. டி டிரைவைக் காலி செய்து நீக்கிவிட்டாலும் கூட, நடுவில் இந்தச் சிறு பகுதி இருப்பதால் சி நீளாது. பொறுமையிழந்து அதை அழித்துவிடுகிறவர்கள், பின்னொரு நாள் விண்டோஸ் எழாமல் போகும்போது பழுது நீக்கும் வசதியே இல்லாமல் நிற்பார்கள்.

பயிலகத்துக்கு வரும் மாணவர்களிடமும் இதுபோன்ற ஒரு விபத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற மற்றொரு இயங்குதளமும் இருந்தது. லினக்ஸ் எதற்கு, அந்த இடத்தைப் படங்கள் வைக்க எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பகுதியை நீக்கிவிடுவார்கள். நீக்கும்போது ஒன்றும் ஆகாது. அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடும். எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் சிறு நிரலின் கோப்புகள் அந்த லினக்ஸ் பகுதிக்குள்தான் இருந்தன. விண்டோஸும் கோப்புகளும் அப்படியே பத்திரமாக இருக்கும். தொடக்க நிரலை மட்டும் விண்டோஸ் நிறுவல் பென் டிரைவைக் கொண்டு சரி செய்தால் போதும். இதை அறியாமல் எல்லாம் போயிற்று என்று எண்ணி முழு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யக் கொடுத்து, பிளஸ் டூ செய்முறைப் பதிவேடுகளையும் சேர்த்து இழந்த பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று இப்போதைய காலத்துக்கு முக்கியமானது. விண்டோஸ் 11இல், மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்துப் புதிதாக அமைக்கும் பல கணினிகளில் டிஸ்க் தானாகவே, சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. பகுதிகளில் கை வைத்த பிறகு கணினி எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியை அமைத்துக் கொடுத்த கடைக்காரர் தம்முடைய மின்னஞ்சலையே போட்டுவிட்டிருந்தால், சாவி அவர் கணக்கில் இருக்கும், நம் கோப்புகள் நமக்குத் திறக்காது.

உண்மையில், சி டிரைவ் நிறைந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வரப்பை நகர்த்தும் தேவையே இல்லை என்பது என் கருத்து. பதிவிறக்கங்கள், படங்கள், ஆவணங்கள் ஆகிய கோப்புறைகளின் பண்புகளைத் திறந்து இருப்பிடம் என்ற பக்கத்தில் டி டிரைவைக் காட்டிவிட்டால், விண்டோஸே அவற்றை அங்கு மாற்றிக்கொள்ளும். அதன்பின் வருபவையும் அங்கேயே போய்ச் சேரும். பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தியவர்களுக்கு முந்தைய பதிப்பின் கோப்புகள் பல ஜி.பி. அளவுக்குத் தேங்கியிருக்கும், அவற்றை அமைப்புகளில் உள்ள சேமிப்பகப் பக்கத்திலிருந்தே நீக்கலாம். திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்தாத மேசைக் கணினியில் அதை நிறுத்திவிட்டால் அதற்கென ஒதுக்கிய சில ஜி.பி.யும் திரும்பக் கிடைக்கும். எங்கள் கணினியில் பிறகு இவற்றைச் செய்து பார்த்தபோது 38 ஜி.பி. காலியானது. அன்று காலை இதைச் செய்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பகுதிகளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11க்கு மாறுகிறவர்கள் டிஸ்க்கின் அட்டவணையைப் பழைய எம்.பி.ஆர். முறையிலிருந்து ஜி.பி.டி. முறைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். கோப்புகளை அழிக்காமல் அதைச் செய்யும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, கடைகளில் டி-யும் இ-யும் பிரிக்கும்போது செய்வது போல நீட்டிப்புப் பகுதிக்குள் உட்பகுதிகள் இருந்தாலோ அக்கருவி மறுத்துவிடும். அப்போது பகுதிகளை முதலில் மாற்றியமைக்காமல் வழியில்லை.

அவர்கள் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை வாங்கியோ இரவல் பெற்றோ, எல்லாக் கோப்புகளையும் அதில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் செருகி நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே தொடங்க வேண்டும். அதே டிஸ்க்கின் இ டிரைவில் எடுத்து வைப்பது நகலாகாது, நிலம் ஒன்றுதான். மடிக்கணினியானால் மின்கலம் நிறைந்து, மின்னிணைப்பிலும் இருக்க வேண்டும். மேசைக் கணினியானால் யு.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதை முதல் நாளே ஒருமுறை மின்னிணைப்பைப் பிடுங்கிப் பார்த்துவிட வேண்டும். எங்களுடைய பேட்டரி ஐந்தாண்டு பழையது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. நகல் கையில் இருக்கிறது என்றால் டி-யை நகர்த்த வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. டி-யை நீக்கிவிட்டு, ஒட்டிய இடத்தில் சி-யை நீட்டி, மீதியில் புதிய டி-யை உண்டாக்கிக் கோப்புகளைத் திரும்ப வைப்பது விரைவானது. நீக்குவதும் நீட்டுவதும் சில நொடிகளில் முடிபவை, மூன்று மணி நேரம் மின்சாரத்தை நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கணினி விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன் வாங்குபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யைச் சி, டி என்று வெட்டுவதால் ஒரு வீட்டுப் பயனருக்கும் நன்மை இல்லை. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். எப்படிப் பிரித்தீர்கள், எந்த மின்னஞ்சலில் அமைத்தீர்கள் என்பதைப் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

தங்கள் நாளிதழ் கிராமத்து நூலகங்கள் வரை செல்கிறது. அதில் வரும் ஒரு குறிப்பைக் கத்தரித்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு செய்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. ஆகவே அடுத்த வாரக் கணினிப் பகுதியில், நகலெடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும், ஒட்டிய இடம் இல்லாதபோது வெளி மென்பொருள் செய்யும் வேலை எத்தகையது என்ற விளக்கத்தையும் சேர்த்து அந்தக் குறிப்பை மறுபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை எங்கள் நகரத்தில் காலை 9 மணி முதல் மின்தடை என்று இன்றைய இதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. இக்கடிதம் அதற்குள் வெளிவருமானால், விடுமுறை நாளாயிற்றே என்று அன்று இந்த வேலையை வைத்துக்கொண்டிருப்பவர்கள் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிலக ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.